மாமியாரை ஏன் தடுத்தீர்கள்?

கேள்வி: பெங்களூரு கம்மனஹள்ளியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுகிறார்கள். ஆறு மாதமாகத் தூசி, டிரில்லிங் சத்தம், இரவு பதினொரு மணிக்கு ஜல்லி லாரி. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மகன் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறான். ஏரியா வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டும் பயனில்லை. கட்டடத்துக்குத் தண்ணீர் விட வரும் அந்த வீட்டம்மாவோடு என் மாமியார் தினமும் காம்பவுண்டு ஓரம் நின்று கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். சண்டை வராமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: தூசி, சத்தம், லாரி எல்லாம் பெங்களூருவிலிருந்து வரும் பாதிக் கடிதங்களில் இருப்பவைதான். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைக் கோபப்படுத்தியது. மாமியாரின் பேச்சை நிறுத்திவிட்டீர்கள்!

சண்டை வேண்டாம் என்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் அந்தக் குடும்பத்தோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயை அடைத்துவிட்டீர்கள். ஒருமுறையாவது அவர்கள் கேட்டைத் தட்டி, "லாரி சத்தத்தில் பையன் தூங்க முடியவில்லை" என்று சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நேரில் சொல்லாததைத் தெருவே பார்க்கும் குழுவில் போட்டிருக்கிறீர்கள். ஊரறிய அவமானப்பட்டவர்கள் உங்களுக்காக எதை விட்டுக்கொடுப்பார்கள்? உங்கள் கணவரும் இதில் எங்கேயும் காணோம்.

வயதானவர் யாரோடு பேசலாம் என்று மருமகளோ மகனோ தீர்மானிக்கக் கூடாது. நாள் முழுக்க நீங்கள் லேப்டாப் முன்னால், பையன் ஸ்கூலில். அவருக்கு அந்தப் பத்து நிமிடப் பேச்சும் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது? இன்றைக்கே அவரிடம் போய், "நான் சொன்னது தப்பு அத்தை, பேசுங்கள்" என்று சொல்லுங்கள். குழுவில் போட்ட போட்டோவையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அவரைக் கூட்டிக்கொண்டு நீங்களும் போங்கள். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். உங்கள் பக்கம் பச்சை வலை கட்டச் சொல்லுங்கள். இடிபாட்டை அள்ளும்முன் தண்ணீர் தெளிக்கட்டும். டைல்ஸையும் தண்ணீர் விட்டே அறுக்கட்டும், தூசி வெகுவாகக் குறையும். லாரி எப்போது வரும் என்பது பெரும்பாலும் காண்ட்ராக்டர் கையில்தான், அதனால் அந்த அம்மாவை வைத்துக்கொண்டே அவரிடமும் பேசுங்கள். உங்கள் சுவர்களையும் இப்போதே தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் விரிசல் வந்தால் எது பழசு, எது புதுசு என்று வாக்குவாதம் வராது. இந்தப் போட்டோ குழுவுக்குப் போக வேண்டாம்.

தளம் போடும் நாளில் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் கொட்ட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இடம் பலவீனமாகும். இருட்டினாலும் முடித்துத்தான் ஆக வேண்டும்.

மற்ற நாட்களின் இரவுச் சத்தம் வேறு விஷயம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல்தான் வரம்பு, பகலில் 55. நேரில் சொல்லியும் பதினொரு மணிக்கு லாரி வந்தால் 112க்குக் கூப்பிடுங்கள். ஆனால் போன் செய்யப் போவதை முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செய்த புகாரை மறக்க முடியும். ஒளிந்து செய்ததை யாரும் மறப்பதில்லை.

பையனின் பரீட்சை அட்டவணையை மாமியாரிடம் கொடுத்து அனுப்புங்கள். அந்தத் தேதிகளுக்கு முந்தைய நாள் தளம் போட வேண்டாம் என்று அவரே கேட்கட்டும். கன்னடத்தில், காம்பவுண்டு ஓரம் நின்றே கேட்கட்டும்.