குழந்தை பிறந்து 19 நாள்: ஏஜென்டுக்கு 1,800 ராண்ட் கொடுக்கலாமா?

டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் தூத்துக்குடி. இங்கே நிரந்தரமாக வசிக்கும் அனுமதி இருக்கிறது. மனைவி சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், தென்னாப்பிரிக்கக் குடிமகள். கல்யாணம் தூத்துக்குடியில், கோவிலில் நடந்தது. மகள் பிறந்து 19 நாள் ஆகிறது. இவருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. பிரசவத்துக்கு மூன்று நாள் லீவுதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இரவெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார். இதற்கு நடுவில் ஓர் ஏஜென்ட், "30 நாள் தாண்டினால் 5,000 ராண்ட் அபராதம். 1,800 கொடுங்கள், வரிசையில் நிற்காமல் நான் முடித்துத் தருகிறேன்" என்கிறாராம். தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்கிறார்கள். ஊரில் இருக்கும் அம்மா, பனிமய மாதா கோவிலில்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறார். முதலில் எதைச் செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். உங்கள் மற்ற கவலைகள் எல்லாம் அந்த ஒரு தாளில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பணத்துக்கு அது வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு வேண்டும், மெடிக்கல் எய்டில் குழந்தையைச் சேர்க்க வேண்டும், பங்கு அலுவலகமும் அதைத்தான் கேட்கிறது. 1992-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 30 நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) தெரிவிக்க வேண்டும். உங்கள் கையில் இன்னும் 11 நாள் இருக்கிறது. தாராளமாகப் போதும்.

ஏஜென்டுக்கு ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள். பிறப்பைப் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. முதல் முறை கொடுக்கும் முழுப் பிறப்புச் சான்றிதழும் இலவசம். நாளைக்கு அது தொலைந்து மறுபடி வாங்கினால்தான் பணம், அதுவும் 75 ராண்ட். இலவசமான வேலைக்கு 1,800 கேட்கிறவரிடம் என்ன தர்மம் இருக்கும்? அபராதம் என்று அவர் சொன்னதும் பயமுறுத்தல்தான். 30 நாள் தாண்டினால் வேறு படிவம், தாமதம் ஏன் என்று சத்தியப் பிரமாணம், கூடுதல் கேள்விகள், கூடுதல் அலைச்சல் எல்லாம் உண்டு. ஆனால் 5,000 ராண்ட் என்று கவுன்டரில் யாரும் வாங்குவதில்லை.

பணத்தை விட எனக்குப் பயம் வேறு. ஏஜென்ட் உங்களிடம் வாங்கிப் போவது என்னென்ன? மனைவியின் ஐடி நகல், உங்கள் பாஸ்போர்ட் நகல், மருத்துவமனையில் கொடுத்த பிறப்பு அத்தாட்சியின் அசல். குழந்தை பிறந்ததற்கு அந்த அசல்தான் ஆதாரம். யாருடைய பிள்ளையையோ இன்னொரு குடும்பத்தின் பெயரில் பதிந்து, அதற்குக் குடியுரிமை வாங்குவது இந்த நாட்டில் நடந்திருக்கிற மோசடி. மனைவி பெயரில் இரண்டாவதாக ஒரு குழந்தை பதிவாகியிருப்பது, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் உங்களுக்குத் தெரியவரும். பிறகு அதை அழிக்க வருடக்கணக்கில் நடக்க வேண்டும். பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அங்கே வரும் ஒவ்வொரு தகப்பனிடமும் இதையே சொல்கிறேன். ஏஜென்ட் சொந்த ஊர்க்காரராக இருந்தாலும், கோவிலில் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவராக இருந்தாலும், அசல் தாளை மட்டும் கையை விட்டு விடாதீர்கள். நம்ம ஆள்தானே என்று நம்பிக் கொடுத்தவர்கள்தான் பிறகு என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

அப்புறம், உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை நிதானமாகப் படியுங்கள். பலரும் மாட்டுவது இங்கேதான்.

உங்கள் கல்யாணம் இந்தியாவில் நடந்தது. அதை இங்கே ஹோம் அஃபேர்ஸில் பதியவில்லை என்றால், கம்ப்யூட்டரில் உங்கள் மனைவி இன்னும் கல்யாணமாகாதவர். கவுன்டரில் இருப்பவர் திரையைப் பார்ப்பார், "அம்மா சிங்கிள்" என்பார், தாயின் குடும்பப் பெயரிலேயே குழந்தையைப் பதிந்துவிடுவார். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே போய்விடும். முன்பெல்லாம் சட்டமே அப்படித்தான் இருந்தது. கல்யாணமாகாத தகப்பன், தாய் கூட வந்து சம்மதித்தால் ஒழிய, தன் பெயரில் பிள்ளையைப் பதிய முடியாது. அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2021 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் தீர்ப்பு வந்த வேகத்தில் கவுன்டரில் பழக்கம் மாறவில்லை. அதனால் மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேரும் குழந்தையோடு போங்கள். கல்யாணச் சான்றிதழைக் கொண்டு போங்கள். சாமியார் கையெழுத்துப் போட்ட பங்குப் பதிவேட்டு நகல் மட்டும் போதாது. ஊரில் அரசாங்கப் பதிவாளர் கொடுத்த கல்யாணச் சான்றிதழ் வேண்டும். அது ஊரில் பீரோவில் இருக்கிறதென்றால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அசலைக் கூரியரில் வரவழையுங்கள். அசல் வந்து சேரும் வரை 30 நாளைத் தள்ளிப்போடாதீர்கள். அது இல்லாமலே, "இந்தக் குழந்தைக்கு நான்தான் தகப்பன்" என்று நீங்கள் அங்கே நேரில் ஒப்புக்கொண்டு, மனைவியும் சம்மதித்து, உங்கள் பெயரில் பதியலாம். இல்லை என்று சொன்னால் சூப்பர்வைசரைக் கேளுங்கள். கோபப்படாமல், ஆனால் நாற்காலியை விட்டு எழாமல் கேளுங்கள். இந்தியாவில் நடந்த கல்யாணத்தை இங்கே பதிவதைப் பிறகு சாவகாசமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் செய்யத்தான் வேண்டும், அடுத்த பிள்ளைக்கும் இதே கதை வரக் கூடாது.

பெயர் இன்னொரு பொறி. நம்மூரில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல். இங்கே படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், முன்பெயர்கள் என்று ஒரு கட்டம். உங்கள் பாஸ்போர்ட்டில் எது குடும்பப் பெயராக அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்கள் வழியில் மகளுக்குப் போகும். அந்தப் பெயரையோ, மனைவியின் குடும்பப் பெயரையோ, இரண்டையும் கோடு போட்டுச் சேர்த்தோ வைக்கலாம். வீட்டில் பேசி முடித்துவிட்டுப் போங்கள், கவுன்டரில் நின்று யோசிக்காதீர்கள். இங்கே 1860 முதல் கப்பலில் வந்த நம் முன்னோரின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால்தான் பிள்ளை, நாயுடு போன்ற பெயர்கள் இங்கே இன்றைக்கும் வேறு விதமாக எழுதப்படுகின்றன. என் மகன் பிறந்தபோது ஓர் அலுவலகத்தில் நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு வெளியே வந்து காரில் உட்கார்ந்துதான் பார்த்தேன். திரும்பப் போனால் "சிஸ்டம் டவுன்". அந்த ஓர் எழுத்துக்கு 14 மாதம் நடந்தேன். அச்சடித்துக் கையில் கொடுத்ததும் நகராதீர்கள். மகள் பெயர், பிறந்த தேதி, உங்கள் பெயர், மனைவியின் ஐடி எண் என ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் படியுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அந்த "சிஸ்டம் டவுன்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. பிரசவமான உடம்போடு ஒரு பெண், மடியில் குழந்தை, பையில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர், காலை ஏழு மணியிலிருந்து வெயிலில் நிற்கிறாள். பதினொரு மணிக்குக் கதவருகே வந்து, நாளைக்கு வாருங்கள் என்கிறார்கள். இந்தச் சலிப்பில்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள். அலுவலகம் ஒழுங்காக நடந்தால் வாசலில் அவர்களுக்கு என்ன வேலை? பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஹோம் அஃபேர்ஸ் மேசை இருக்கிறது. பிரசவமான இடத்தில் அப்படி இருந்தால் அங்கேயே போங்கள், வரிசை சின்னது. இல்லையென்றால் உம்கேனி சாலை அலுவலகத்துக்கு மாதத் தொடக்கமும் திங்கட்கிழமையும் இல்லாத நாளாகப் பார்த்து, கதவு திறக்கும் முன் போய்விடுங்கள்.

சரி, லீவு. பிரசவத்துக்கு மூன்று நாள் என்பது பழைய கதை. குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருடத்துக்கு மூன்று நாள் கொடுத்தார்கள், அதில்தான் பிரசவமும் அடங்கியிருந்தது. 2020 ஜனவரி முதல் அது மாறி, தகப்பனுக்கென்று தொடர்ச்சியாகப் பத்து நாள் வந்தது. அதற்கும் மேலே, 2025 அக்டோபர் 3 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தாய்க்கு நான்கு மாதம், தகப்பனுக்குப் பத்து நாள் என்று பிரிப்பது பாரபட்சம் என்றது. இரண்டு பேரும் வேலை பார்த்தால் மொத்தம் நான்கு மாதமும் பத்து நாளும், தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் வேலை பார்த்தால் அவருக்கு நான்கு மாதம். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த 36 மாதம் அவகாசம் உண்டு, அதுவரை இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கும். உங்கள் கம்பெனியில் மூன்று நாள் என்றவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம். எப்போது தொடங்கி எப்போது திரும்புவீர்கள் என்று எழுதி, ஒரு நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள். வாயால் கேட்காதீர்கள். மறுத்தால் லேபர் அலுவலகத்தில் புகார் செய்யலாம், அதற்கும் கட்டணமில்லை.

ஆனால் சந்தோஷப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். லீவு கொடுக்கத்தான் சட்டம் சொல்கிறது, கம்பெனி சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சம்பளத்துக்குப் பதில் யூஐஎஃப்தான். அந்தச் சட்டமும் தவறு என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் இடைக்காலத்துக்கு அதை மாற்றவில்லை. அதனால் தகப்பனுக்கு இன்னும் பத்து நாளுக்குத்தான் பணம், சம்பளத்தில் 66 சதவீதம். மாதம் 12,000 ராண்ட் வாங்குகிறவருக்குப் பத்து நாளைக்குச் சுமார் 2,600 வரும். இரண்டு மாதம் வீட்டில் இரு என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் எதைச் சாப்பிடுவது என்பதை இன்னொரு கையில் மூடி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்கும்போதே ஆத்திரமாக வருகிறது.

அதனால் உங்களுக்கு என் யோசனை: பத்து நாளை எடுங்கள். மனைவி வேலை பார்ப்பவர் என்றால் மீதியை அவரிடமே விடுங்கள், அவருடைய யூஐஎஃப் பணம் 17 வாரத்துக்குச் சற்று மேல் வரும். பத்து நாள் என்பது ஞாயிறும் சேர்த்த தொடர் நாட்கள், பத்து ஷிஃப்ட் அல்ல. விண்ணப்பத்தை யூஃபைலிங் தளத்தில் நீங்களே போடலாம், இலவசம். இங்கேயும் 20 சதவீதம் கேட்கிறவர்கள் லேபர் அலுவலக வாசலில் நிற்பார்கள், திரும்பிப் பார்க்காமல் போங்கள். விண்ணப்பம் பெரும்பாலும் தட்டிக்கழிக்கப்படுவது உங்கள் தப்பால் அல்ல. உங்களை வேலையில் வைத்திருப்பதாகக் கம்பெனி யூஐ-19 படிவத்தில் தெரிவிக்காமல் விட்டிருக்கும். சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சதவீதம் பிடித்திருப்பார்கள், படிவம் போயிருக்காது. சம்பளச் சீட்டோடு போய் அதை முதலில் கேளுங்கள்.

ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். பங்கு அலுவலகம் பிறப்புச் சான்றிதழ் கேட்பது பெயரும் தேதியும் பதிவேட்டில் சரியாக ஏற வேண்டும் என்பதற்காக. ஞானஸ்நானச் சான்றிதழை வைத்தே பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதுவும் ஏஜென்ட் பேச்சு, நம்பாதீர்கள். அம்மாவின் ஆசை புரிகிறது. ஆனால் பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5. அதுவரை காத்திருந்து, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் எடுத்து, கைக்குழந்தையோடு விமானத்தில் போக வேண்டும். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் கவனமெடுக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். இங்கேயே கொடுத்துவிட்டு, ஊருக்குப் போகும்போது மாதா முன்னால் குழந்தையைக் கிடத்தி வேண்டிக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு மனம் குளிரும். ஒருவேளை குழந்தைக்கு உடம்பு மோசமானால் எந்தத் தாளுக்காகவும் காத்திருக்க வேண்டாம். யாரும் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

கடைசியாக, மனைவியின் தம்பி ஞானத்தகப்பனாக இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வயது 15 என்கிறீர்கள். திருச்சபைச் சட்டம் கேட்பது 16 நிரம்பி, உறுதிப்பூசுதல் என்ற திருவருட்சாதனம் பெற்றவர். தக்க காரணம் இருந்தால் பங்குத்தந்தை தளர்த்தலாம், அவரைத்தான் கேட்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் கேட்டுவிடுங்கள். செவ்வாய்க்கிழமை போல ஹோம் அஃபேர்ஸுக்குப் போகும்போது அந்தத் தம்பியையும் கூட்டிப் போனால், நீங்கள் கையெழுத்துப் போடும்போது குழந்தையை வைத்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கும்.