உபுண்டு மடிக்கணினிக்கு ஏற்ற கிராஃபிக்ஸ் டிரைவரை எங்கே தேடுவது?

விண்டோஸை நீக்கிவிட்டு, சில ஆண்டுகள் பழைய மடிக்கணினியில் உபுண்டு நிறுவியிருக்கிறீர்கள். இன்டெல், என்விடியா என இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருப்பதால், கிராஃபிக்ஸ் டிரைவரை எந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு தளங்களுக்குமே நீங்கள் போக வேண்டியதில்லை. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள், கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப் பகுதியோடு சேர்ந்தே வருகின்றன. இன்டெல் கிராஃபிக்ஸுக்கான ஐ915, ஏ.எம்.டி.யின் புதிய சில்லுகளுக்கான ஏஎம்டிஜிபியு, பழையவற்றுக்கான ரேடியான் ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. முப்பரிமாணக் காட்சிகளை வரைந்து தரும் மேசா என்ற திறந்த மூல நிரல் தொகுப்பும் உபுண்டுவோடு சேர்ந்தே நிறுவப்பட்டுவிடுகிறது. ஆகவே உங்கள் கணினியின் இன்டெல் பகுதி முதல் நாளிலிருந்தே சரியான டிரைவரோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். என்விடியாவுக்கு மட்டும்தான் தேட வேண்டும். அதையும் உபுண்டு தன் நிரல்களைச் சேர்த்துவைத்து வழங்கும் களஞ்சியத்துக்குள்ளேயே தேட வேண்டும்.

முதலில் கணினியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை, இடைவெளி விட்டு ஒரு சிறுகோடும் என்என்கே என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து இயக்கினால், உள்ளே இருக்கும் சாதனங்கள் அனைத்தும் வரிசையாக வரும். என் மடிக்கணினியில் விஜிஏ என்று தொடங்கும் வரியில் இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் 620 என்ற பெயரும், சதுர அடைப்புக்குள் 8086:5916 என்ற எண்ணும் இருக்கின்றன. முன்பாதி நிறுவனத்தின் எண், பின்பாதி சில்லின் எண். (இன்டெல் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் பெயரே அதன் நிறுவன எண்ணாக அமைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.) இன்னும் பல வரிகள் தள்ளி, 3டி கன்ட்ரோலர் என்ற தலைப்பில் ஜீஃபோர்ஸ் 940எம்எக்ஸ் வருகிறது, அதன் எண் 10டிஇ:134டி. விஜிஏ என்ற சொல்லை மட்டும் தேடுபவர்கள் இந்த இரண்டாவது வரியைத் தவறவிட்டு, தங்கள் கணினியில் என்விடியாவே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே, இப்போது எந்த டிரைவர் அதை இயக்குகிறது என்பதைக் காட்டும் வரியும் உண்டு. உங்கள் கணினியில் இன்டெலுக்குக் கீழே ஐ915 என்றும், என்விடியாவுக்குக் கீழே நூவோ என்றும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

நூவோ என்பது தன்னார்வலர்கள் என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையின் நடத்தையை ஆராய்ந்தே எழுதி உருவாக்கிய திறந்த மூல டிரைவர். அந்த உழைப்பின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும் இந்தத் தலைமுறை அட்டைகளை அது பெரும்பாலும் தொடக்கத்தில் இருந்த குறைந்த வேகத்திலேயே ஓட்டுகிறது. இணையம் பார்ப்பது, கடிதம் தட்டுவது, படம் பார்ப்பது ஆகியவைதான் உங்கள் வேலை என்றால், அவற்றை இன்டெல் பகுதியே கவனித்துக்கொள்ளும். எதையும் மாற்றாமல் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்புச் செயலி, விளையாட்டுகள், என்விடியாவின் ‘கூடா’ (CUDA) தொழில்நுட்பம் தேவைப்படும் கணக்கீடுகள் என்று வந்தால்தான் என்விடியாவின் சொந்த டிரைவர் வேண்டும்.

அதைத் தேர்ந்தெடுக்கும்போது, பெரிய எண் உள்ளதே சிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு தலைமுறை அட்டைக்கும் ஒரு கடைசி டிரைவர் வரிசை உண்டு. ஃபெர்மி தலைமுறைக்கு 390, கெப்ளருக்கு 470, என் 940எம்எக்ஸ் சேர்ந்த மேக்ஸ்வெல்லுக்கும் அதற்கடுத்த பாஸ்கலுக்கும் 580 ஆகியவையே கடைசி வரிசைகள். 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியின் மூல நிரலைத் திறந்து வெளியிட்டது. பெயரின் இறுதியில் ஓப்பன் என்று வரும் டிரைவர்கள் அதைச் சார்ந்தவை. திறந்த மூலத்தை விரும்பும் நமக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் கை அதன்மேல்தான் போகும். ஆனால் அவை 2018-இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கும் மட்டுமே உரியவை. பழைய அட்டையில் அவை இயங்கா.

இந்தக் கணக்கையெல்லாம் உபுண்டுவே போட்டுத் தருகிறது. அடிஷனல் டிரைவர்ஸ் என்ற சாளரத்தைத் திறந்தால் உங்கள் அட்டைக்குப் பொருந்துபவை பட்டியலாக வரும். டெஸ்டட் என்று குறிக்கப்பட்டதைத் தேர்ந்து, நிறுவி, கணினியை மீண்டும் தொடங்குங்கள். வேறு லினக்ஸ் வகைகளான டெபியனில் இதற்குக் களஞ்சியத்தின் நான்-ஃப்ரீ பகுதியையும், ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தையும் முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

களஞ்சியத்தை விட்டு வெளியே போகாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமே காரணம். லினக்ஸுக்கு வந்த புதிதில், விண்டோஸ் பழக்கத்தில், இணையத்திலிருந்து நேரடியாக இறக்கிய நிறுவல் கோப்பைக் கொண்டு டிரைவரை நிறுவினேன். மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் காலையில் வழக்கமான அப்டேட்டை முடித்துவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கியபோது, உள்நுழைவுத் திரைக்குப் பதிலாக, கறுப்புத் திரையின் இடது மேல் மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அன்றைய அப்டேட்டில் புதிய கெர்னல் வந்திருந்தது. நான் கையால் நிறுவிய டிரைவரோ பழைய கெர்னலுக்காக மட்டும் தொகுக்கப்பட்டது. களஞ்சியத்தின் வழியாக நிறுவியிருந்தால், கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கேற்ற டிரைவரும் தானாகவே வந்து சேர்ந்திருக்கும். தொடக்கத்தில் எஸ்கேப் விசையை அழுத்தி, கிரப் என்ற தொடக்க நிரலின் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய், பழைய கெர்னலைத் தேர்ந்த பிறகுதான் திரை வந்தது. பின்னர் அந்தக் கோப்பையே அன்இன்ஸ்டால் கட்டளையோடு மறுபடி இயக்கி டிரைவரை நீக்கினேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்து, பழைய கெர்னலும் உதவாவிட்டால், கிரப் பட்டியலில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். மங்கலாகவேனும் ஒரு திரை கிடைக்கும்.

நம்பகமான நிரல்களை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருந்தால் இன்னொரு தடங்கலும் வரக்கூடும். கையொப்பமிடாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. ஆகவே நிறுவும்போது உபுண்டு உங்களிடம் ஒரு கடவுச்சொல் கேட்டால், அதை மறக்காமல் தாளில் எழுதிவையுங்கள். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று சில நொடிகளுக்கு மட்டும் தோன்றும்; அதில் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் எதையும் அழுத்தாமல் விட்டுவிட்டால், டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் ஏற்றப்படாமல் கிடக்கும்.

எல்லாம் முடிந்ததும் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையை இயக்குங்கள். அட்டையின் பெயரும் வெப்பநிலையும் ஒரு கட்டத்துக்குள் வந்தால் டிரைவர் ஏறிவிட்டது. பிறகு பிரைம்-செலக்ட் கட்டளையால் ஆன்-டிமாண்ட் முறையை வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் என்விடியாவிலேயே ஓட்டினால் பேட்டரி விரைவில் தீர்ந்து, விசிறியும் ஓயாமல் சுழலும். ஆன்-டிமாண்டில் அன்றாட வேலைகளை இன்டெல் பார்த்துக்கொள்ளும். பிளெண்டர் போன்ற செயலியின் சின்னத்தில் வலது சொடுக்கி, டிஸ்க்ரீட் கிராஃபிக்ஸ் கார்டில் தொடங்குவதற்கான வரியைத் தேர்ந்தால் அது மட்டும் என்விடியாவில் ஓடும்.

எந்த அட்டை உண்மையில் வரைகிறது என்று அறிய, மேசா-யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவி ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை இயக்கி, ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் இரண்டு அட்டைகளுமே வேலை செய்யவில்லை, பிராசசரே எல்லாவற்றையும் வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்படி வந்தால் அந்த வரியையும், முதலில் சொன்ன கட்டளை தந்த இரண்டு சாதனங்களின் வரிகளையும் இங்கே இடுங்கள்; உங்கள் அட்டைக்குரிய வரிசை எதுவென்று பார்த்துச் சொல்கிறேன்.