நீரில் புரோமின் பார்ப்பது: கேள்வி பதில்

சார், எங்கள் ஓட்டல் ஸ்பா தொட்டிக்குப் புரோமின் மாத்திரை போடுகிறோம். கையில் இருப்பது குளோரின் பார்க்கும் டிபிடி (நிறம் காட்டும் வேதிப்பொருள்) கிட். புதிதாக வாங்க வேண்டுமா?

தேவையில்லை. டிபிடி இரண்டுக்கும் ஒரே இளஞ்சிவப்பைத்தான் தரும். வரும் அளவை 2.25-ஆல் பெருக்குங்கள், 2 காட்டினால் புரோமின் லிட்டருக்கு 4.5 மி.கி. குளோரினின் மூலக்கூறு எடை 71, புரோமினுடையது 160. அந்த விகிதம்தான் இந்த 2.25. சுடுநீர்த் தொட்டியில் புரோமினை 4 மி.கி.க்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கிட்டில் உள்ள சோதனை மாத்திரைகளில் 1-ஆம் எண் போதுமா, 3-ஆம் எண்ணும் வேண்டுமா?

1 போதும். அம்மோனியாவோடு சேர்ந்த புரோமினும் அதிலேயே நிறம் காட்டிவிடும். கிருமியையும் நன்றாகவே கொல்லும் என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

நேற்று நிறைய மாத்திரை போட்டோம். இன்று சோதித்தால் நிறமே வரவில்லை. எல்லாம் எங்கே போனது?

எங்கும் போகவில்லை, அளவுக்கு மீறி இருக்கிறது! புரோமின் மிக அதிகமானால் தான் உண்டாக்கிய நிறத்தைத் தானே வெளுத்துவிடும். சோதனை மாத்திரை விழுந்ததும் சிவப்பு ஒரு கணம் தோன்றி மறைந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு பங்கு தொட்டி நீரோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி பாருங்கள். வரும் அளவை 5-ஆல், பிறகு முன்போலவே 2.25-ஆல் பெருக்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலும் குளோரின் இருக்கும். ‘பூஜ்யம்’ என்று நம்பி இன்னும் மாத்திரை கொட்டுகிறவர்கள்தான் எனக்குக் கவலை. அளவு தெரியும்வரை யாரையும் தொட்டியில் இறக்காதீர்கள்.

குளோரினும் கலந்திருந்தால்?

முதலில் கிளைசின் என்ற அமினோ அமிலம் சேருங்கள். அது குளோரினைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரும் சிவப்பு புரோமினுடையது. ஆனால் ஆக்சிஜனேற்றம் அடைந்த மாங்கனீசும் சிவப்புக் காட்டும், அதைக் கிளைசின் தடுக்காது.

கடலோரக் கிணற்று நீரில் டிபிடி நிறமே தரவில்லை. உப்பு நீரில் புரோமின் உண்டாமே?

அதில் இருப்பது புரோமைடு, அதாவது உப்பில் அயனியாக இருக்கும் புரோமின். டிபிடிக்கு அது தெரியாது. அதற்கு பீனால் ரெட் என்ற சாயத்தைக் கொண்ட முறை: pH 4.6 அளவில் குளோரமின்-டி சேர்த்தால் புரோமைடு புரோமினாகி, பீனால் ரெட்டை ஊதா நிறமாக்கும். 20 நிமிடத்தில் தயோசல்பேட் விட்டு வினையை நிறுத்தி, ஒளிமானியில் 590 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறத்தின் அளவைப் படிக்க வேண்டும். இந்த முறை லிட்டருக்கு 0.1 முதல் 1 மி.கி. வரைக்கானது. கடல்நீரில் சுமார் 65 இருக்கும், எனவே உப்பு ஏறிய கிணற்று நீரையும் நீர்த்தே சோதியுங்கள். நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள், மதிப்பீட்டில் விடாதீர்கள்.