கப்பலுக்கு முன்னால் கரையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 68 வயது, என் கணவருக்கு 75. பிள்ளைகள் எங்களை ஒரு வாரம் பத்து நாள் சொகுசுக் கப்பலில் அனுப்பிவைக்க ஆசைப்படுகிறார்கள். மகள், 'போனால் உலகத்திலேயே பெரிய கப்பலில் போங்கள்' என்கிறாள். மகன், 'வயதானவர்களுக்கு ஐரோப்பாவின் நதிக் கப்பல்தான் சரி' என்கிறான். நான் நாள் முழுக்க நடப்பேன். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். கைத்தடி உண்டு, படி ஏறினால் வலி. மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். 'என்னால் உன் பயணமும் கெட்டுவிடும்' என்று இப்போதே தயங்குகிறார். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அவர் தயங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் நன்றாக நடப்பவர், மற்றவரால் அதிகம் நடக்க முடியாது என்றால், அந்தத் தம்பதிக்குக் கப்பலைப் போலப் பொருந்தும் பயணம் வேறில்லை. பஸ்ஸில் போகும் சுற்றுலாவில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் இருவருக்குமே அன்றைய நாள் போச்சு. கப்பலில் அப்படி இல்லை. காலையில் நீங்கள் மட்டும் இறங்கி ஊரைச் சுற்றிவிட்டு வரலாம். அவர் டெக்கில் காற்றாட உட்கார்ந்து துறைமுகத்தை வேடிக்கை பார்க்கலாம். இரவு இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடலாம். பெட்டியை ஊருக்கு ஊர் கட்டி அவிழ்க்கும் வேலையும் கிடையாது.

ஆனால் இது தானாக அமைந்துவிடாது. அவர் இறங்க ஆசைப்படும் ஊரில் சிரமமில்லாமல் இறங்க முடியவேண்டும். இறங்காத நாளும் அவருக்கு நல்ல நாளாக இருக்கவேண்டும். எந்தக் கப்பலைக் காட்டினாலும் இந்த இரண்டையும் வைத்து எடைபோடுங்கள். நீச்சல் குளம் எத்தனை, உணவகம் எத்தனை என்பதெல்லாம் அப்புறம்.

முதல் வேலையாக, பயணத் திட்டத்தை வாங்கி ஒவ்வொரு ஊருக்கும் எதிரே 'கரையில் கட்டுமா, கடலில் நங்கூரமிடுமா' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துறைமுகம் ஆழமில்லாமலோ சிறியதாகவோ இருந்தால் கப்பல் வெளியே கடலில் நின்றுவிடும். அங்கிருந்து 'டெண்டர்' என்ற சிறு படகில் கரைக்குப் போகவேண்டும். திட்ட அட்டவணையில் இது ஒரு சின்னக் குறியாகத்தான் இருக்கும், கண்ணிலேயே படாது. என் அப்பாவோடு போனபோது எனக்கும் படவில்லை. கப்பலின் அடித்தளத்தில் ஒரு கதவைத் திறந்து மேடை போட்டிருந்தார்கள். படகு அலையில் ஒரு அடி மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தது. இரண்டு ஊழியர்கள் அப்பாவின் இரு முழங்கையையும் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் கணத்துக்காகக் காத்திருந்து, 'இப்போது' என்றார்கள். அந்தக் கணத்தில் காலைத் தூக்கி வைத்துவிடவேண்டும். அப்பா இரண்டு முறை தவறவிட்டார், மூன்றாவது முறை வேண்டாம் என்று திரும்பிவிட்டார். உங்கள் கணவரின் முழங்காலுக்கு இது ஏற்றதல்ல. கடல் கொஞ்சம் கொந்தளித்தால் டெண்டரையே ரத்து செய்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களைப் பாதுகாப்பு கருதி ஏற்ற மறுப்பதும் உண்டு.

கிரேக்கத்தின் சாண்டோரினி இதற்கு நல்ல உதாரணம். படத்தில் வெள்ளை வீடுகளைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் பயணிகள் டெண்டரில் பழைய துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து செங்குத்தான பாறைக்கு மேல் இருக்கும் ஃபிரா ஊருக்குக் கேபிள் காரில் ஏறவேண்டும். வேண்டாம் என்றால் ஏறத்தாழ 600 படிகள். ஒரே நாளில் மூன்று நான்கு கப்பல்கள் வந்து நின்றால் கேபிள் கார் வரிசை வெயிலில் நீண்டுகொண்டே போகும். பத்து நாளில் இப்படி ஒரு ஊர் இருந்தால் பரவாயில்லை, அன்று அவர் கப்பலில் இருக்கட்டும். மூன்று இருந்தால் அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, ஊர்ப் பெயரை அப்படியே நம்பாதீர்கள். 'ரோம்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். 'ஃபுளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ துறைமுகம், அதுவும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்று போட்டு லே ஆவ்ரில் இறக்கினால் சுமார் 200 கிலோமீட்டர். அந்த நாள்களில் பாதி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும், மீதிப் பாதியில் கற்கள் பதித்த தெருக்களில் வேகமாக நடக்கவேண்டியிருக்கும். கப்பலை விட்டு இறங்கிப் பத்து நிமிடத்தில் ஊருக்குள் போய்விடக்கூடிய துறைமுகங்கள் உங்களுக்கு எவ்வளவோ மேல்.

சரி, மகளும் மகனும் சொன்னதற்கு வருவோம்.

மகள் சொல்லும் ராட்சதக் கப்பல்களில் 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' நீளத்தில் சுமார் 365 மீட்டர், 20 தளங்கள். முழுக்க நிரம்பினால் 7,600 பயணிகள். பெரிய கப்பலுக்கு நல்ல குணங்கள் உண்டு. கடலில் குறைவாக ஆடும், லிஃப்ட் நிறைய, இறங்காத நாளிலும் பொழுது போகும். ஆனால் உங்கள் அறை ஒரு கோடியிலும் சாப்பாட்டு அறை மறு கோடியிலும் இருந்தால், ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போய்வருவதற்கே அரை கிலோமீட்டருக்கு மேல் நடை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. நிகழ்ச்சி முடிந்து ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது லிஃப்ட் முன்னால் கைத்தடியோடு நிற்பது லேசான காரியமில்லை. பள்ளி விடுமுறை நாள்களில் அது முழுக்கக் குழந்தைகளின் உலகம்.

மகன் சொல்லும் நதிக் கப்பல் நேர் எதிர். ரைன், டான்யூப் நதிகளில் ஓடுபவை பெரும்பாலும் அதிகபட்சம் 135 மீட்டர் நீளம், சுமார் 190 பேர் வரை. அலை இல்லை, குமட்டல் இல்லை, பெரும்பாலும் ஊரின் நடுவிலேயே நிற்கும். வயதானவர்களுக்கு ஏற்றது என்ற பெயர் அதனால்தான் வந்தது. ஆனால் மூன்று விஷயங்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல நதிக் கப்பல்களில் லிஃப்ட் எல்லாத் தளங்களுக்கும் போகாது. மேல் தளத்துக்கும் கீழ்த்தள அறைகளுக்கும் படிதான். கரையில் இடமில்லாதபோது இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றையொட்டி ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். அப்போது அடுத்த கப்பலுக்குள் நுழைந்து, சில நேரம் அதன் மேல் தளத்துக்கு ஏறி இறங்கித்தான் கரைக்குப் போகமுடியும். நதியில் தண்ணீர் குறைந்தால் பாதிப் பயணம் பஸ்ஸுக்கு மாறும். 2018-லும் 2022-லும் ரைனில் நீர்மட்டம் இறங்கியபோது நடந்தது அதுதான். இன்னொன்று, நதிக் கப்பல்களில் பெரும்பாலும் டாக்டர் இருப்பதில்லை, கரையிலிருந்துதான் அழைப்பார்கள். முழங்கால் நன்றாக இருக்கும் தம்பதிக்கு நதிக் கப்பலை நானே பரிந்துரைப்பேன். உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு என் தேர்வு, எழுநூறு முதல் இரண்டாயிரம் பேர் வரை போகும் நடுத்தரக் கடல் கப்பல். குழந்தைகள் இல்லாத அமைதி வேண்டுமென்றால் அதற்கென்றே கப்பல்கள் உண்டு. வைகிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை, பயணிகளும் ஆயிரத்துக்குள்தான். பி அண்ட் ஓ நிறுவனத்தின் ஆர்கேடியா, அரோரா இரண்டும் பெரியவர்களுக்கு மட்டும். பிரிட்டனின் சாகா நிறுவனம் 50 வயதைத் தாண்டியவர்களுக்காகவே கப்பல் விடுகிறது.

வழியைப் பொறுத்தவரை, இறங்கினால்தான் காட்சி என்றில்லாமல் கப்பலிலிருந்தே காட்சி கிடைக்கும் வழியாகத் தேடுங்கள். அலாஸ்காவில் பனியாறுகள் கடலில் இறங்கும் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குப் போகும் கப்பலில் அன்று யாருமே இறங்குவதில்லை. பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலுக்கே வந்து விளக்குவார்கள். பயணத்தின் மிகச் சிறந்த நாளை உங்கள் கணவரும் மற்றவர்களும் ஒரே தளத்தில் நின்று ஒன்றாகப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தின் 'இன்சைடு பாசேஜ்' கடல்வழிக்குத் தீவுகள் அரணாக இருப்பதால் பெரும்பாலும் ஆட்டமும் குறைவு. பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் பருவம். நார்வேயின் ஃபியோர்டுகளும், அதாவது மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல் நீட்சிகளும், இப்படித்தான், மலைச் சுவர்கள் இருபுறமும் நகர்ந்துகொண்டே இருக்கும். மத்தியதரைக் கடல்தான் வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட் வெயிலைத் தவிர்த்துவிடுங்கள், இதய நோயாளிக்கு அது வீண் சிரமம். கரீபியன் என்றால் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம் என்பது நினைவிருக்கட்டும்.

அறை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம், கவனமும் குறையவேண்டாம். நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஒன்றில், லிஃப்டுக்கு அருகில் கேளுங்கள். ஆட்டமும் குறைவு, நடையும் குறைவு. 'கேரன்டி' என்று மலிவாகத் தரும் முன்பதிவில் எந்த அறை என்பதை நிறுவனம்தான் முடிவுசெய்யும். உங்களுக்கு அது கூடாது. தளங்களின் வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். குளியலறையில் தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்கவேண்டுமா, தரையோடு ஷவரா, பிடிமானக் கம்பி உண்டா என்று குறிப்பாகக் கேளுங்கள். கதவு அகலமாகவும் வாசல் தடுப்பு இல்லாமலும் இருக்கும் அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் முன்பதிவு சீக்கிரமே நடக்கட்டும்.

அவருக்கு நடக்கச் சிரமம் என்பதை முன்பதிவிலேயே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது, படியில்தான் இறங்கவேண்டும். உதவி தேவைப்படுபவர் யார் என்று ஊழியர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் யாராவது வந்து அழைத்துப்போவார்கள். 2012-ல் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் விபத்துக்குள்ளான பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமாகிவிட்டது. ஆபத்து நேரத்தில் பயணிகள் கூடவேண்டிய இடம் வரைக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஸ்டென்ட் இருப்பதால் காப்பீட்டைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். பெரிய, நடுத்தரக் கடல் கப்பல்களில் டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள். இசிஜி எடுப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள், நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரி அல்ல, முதலுதவிக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். பெரிதாக ஏதாவது என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அல்லது ஹெலிகாப்டர் வரும். கப்பல் டாக்டரின் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். வழக்கமான மருத்துவக் காப்பீடு பல நேரம் கடலில் செல்லாது. ஆகவே பயணக் காப்பீடு தனியாக எடுக்கவேண்டும். அதில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும், கப்பலிலிருந்து அவசரமாக வெளியேற்றும் செலவுக்கும் பாதுகாப்பு உண்டா என்று வாசகத்தைப் படித்துப் பாருங்கள். ஸ்டென்டை மறைத்துப் பிரீமியத்தைக் குறைக்க யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பணம் தேவைப்படும் நாளில் அந்த ஒரு காரணத்தைக் காட்டியே கைவிரித்துவிடுவார்கள். இதய டாக்டரிடம் ஒருமுறை காட்டி, சமீபத்திய இசிஜியின் நகலைக் கையோடு எடுத்துப்போங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் பார்த்த கட்டணத்துக்கும் கடைசியில் ஏஜென்ட் சொன்னதற்கும் நிறைய வித்தியாசம். ஏமாற்றுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் ஏமாற்று இல்லை, பிரித்துக் காட்டுகிறார்கள். விளம்பரத்தில் இருப்பது, இருவர் தங்கும் மிக மலிவான அறைக்கு ஒருவரின் பங்கு. துறைமுக வரி, ஒவ்வொரு நாளும் ஆளுக்கு இவ்வளவு என்று சேரும் ஊழியர் டிப்ஸ், பானங்கள், வைஃபை, கரைச் சுற்றுலா எல்லாம் தனி. எல்லாம் சேர்த்த ஒரே தொகையை எழுத்தில் வாங்குங்கள். அதை நாள் கணக்கால் வகுத்து, எல்லாம் உள்ளடங்கிய கப்பலின் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். பல நேரம் 'விலை அதிகம்' என்று ஒதுக்கிய கப்பல் கிட்டத்தட்ட அதே விலைக்கு வந்து நிற்கும்.

கேள்வி: அட்லாண்டிக்கைக் கடக்கும் 14 நாள் பயணம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பெற்றோரை அனுப்பலாமா? அப்பாவுக்கு இதய நோய் உண்டு.

பதில்: வேண்டாம். பருவம் மாறும்போது கப்பலை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கொண்டுபோகும் பயணம் அது. தொடர்ந்து ஆறேழு நாள் கடல் மட்டும்தான். ஆரோக்கியமானவர்களுக்கு, அதுவும் மேற்கு நோக்கிப் போனால், அருமையான ஓய்வு. இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துக்கொண்டே போவதால் தூக்கம் கெடாது. ஆனால் நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாத நாள்கள் உண்டு. இதய நோயாளிக்கு அந்த விலைக் குறைவு பெரிதல்ல.

கேள்வி: முதல் முறை கப்பலில் போகும் வயதானவர்கள் பெட்டி கட்டும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

பதில்: மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். கப்பலேறும்போது பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம். மருந்து, மருந்துச் சீட்டு, கண்ணாடி, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மருந்தைப் பயண நாள்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்பும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கை கழுவ சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள், கப்பலில் வேகமாகப் பரவும் நோரோ வைரஸுக்கு சோப்பும் தண்ணீரும்தான் நல்லது. கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், ராத்திரியே எடுத்துப்போய்விடுவார்கள். காலையில் உடுத்த வேண்டிய உடை, செருப்பு, காலை மாத்திரை மூன்றையும் கட்டிலின் மேல் எடுத்துவைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.