முழங்கால் பட்டைக்கு ஹைட்ரோஜெல் பேட்டரி: ஜெல்லை விட உறையைக் கவனியுங்கள்

இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்பும் பட்டை ஒன்றை புராஜெக்டாகச் செய்கிறேன். லித்தியம் பாலிமர் பேட்டரியைக் காலில் கட்டப் பயமாக இருக்கிறது. ஹைட்ரோஜெல் பேட்டரியை நானே செய்ய முடியுமா? தோலில் வைக்கலாமா?"

செய்யலாம். ஆனால் தோலில் நேரடியாகப் படக்கூடாது.

உங்கள் பயம் நியாயமானதுதான். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் கரைப்பான் எரியக்கூடியது. பெயரில் பாலிமர் என்று இருந்தாலும் அந்த பேட்டரியின் பை மடக்குவதற்கானது இல்லை, திரும்பத் திரும்ப மடங்கினால் உள்ளே இருக்கும் தடுப்புத் தாள் பழுதாகி ஷார்ட் ஆகலாம். 2022-இல் ஃபிட்பிட் அயானிக் ஸ்மார்ட் கடிகாரங்கள் திரும்பப் பெறப்பட்டபோது, அமெரிக்காவில் மட்டும் பேட்டரி சூடானதாக 115 புகார்களும் தீக்காயம் பட்டதாக 78 புகார்களும் பதிவாகியிருந்தன.

ஹைட்ரோஜெல் என்பது நீரைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் வலை. அதில் துத்தநாக சல்பேட் கரைசலை ஏற்றி, ஒரு பக்கம் துத்தநாகமும் மறுபக்கம் மாங்கனீசு டை ஆக்சைடும் வைத்தால் சுமார் 1.3 வோல்ட் தரும் செல் கிடைக்கும். தீப்பற்றும் கரைப்பான் எதுவும் இதில் இல்லை.

பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால் என்ற, நீரில் கரையும் பாலிமர்) தூளை 90 டிகிரி நீரில் கரைத்து, 10 சதவீதக் கரைசலாக்கி, மெல்லிய அச்சில் ஊற்றி, ஃப்ரீசரில் உறைய வைத்து உருக விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். அப்புறம்தான் உப்பு. முதலிலேயே உப்பைக் கலந்தால் சல்பேட் பிவிஏவைத் திரிதிரியாகப் பிரித்துவிடும், ஆனால் கெட்டியான ஜெல்லை அதே கரைசலில் ஊற வைத்தால் ஜெல் இன்னும் உறுதியாகும். 100 மில்லி கரைசலுக்கு 57.5 கிராம் துத்தநாக சல்பேட் ஹெப்டாஹைட்ரேட், கூடவே 1.7 கிராம் மாங்கனீசு சல்பேட் மோனோஹைட்ரேட். இரண்டாவது உப்பு, நேர்முனையான மாங்கனீசு டை ஆக்சைடிலிருந்து மாங்கனீசு கரைந்து போவதைக் குறைக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், துத்தநாக சல்பேட் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். கான்டாக்ட் லென்சும் ஹைட்ரோஜெல்தானே என்று இதைத் தோலில் ஒட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் உப்பு வேறு.

பலரும் ஜெல்லின் இழுவைத்திறனிலேயே மூழ்கிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் செல்லைக் கொல்வது பெரும்பாலும் உறைதான். நீர் வற்றினால் ஜெல் இறுகும், அயனி நகராது, செல் செத்துவிடும். பார்க்க அழகாக இருக்கும் சிலிக்கோன் உறை நீராவியை நன்றாகவே வெளியே விடும், அதை நம்பாதீர்கள். அலுமினியப் படலம் சேர்ந்த லேமினேட் பையில் வைத்துச் சூட்டால் ஒட்டுங்கள், தினமும் துல்லியத் தராசில் எடை பாருங்கள். குறைகிற எடை பெரும்பாலும் போகிற நீர்தான். கிளிசரால் கொஞ்சம் சேர்த்தால் நீர் நிற்கும், ஆனால் மின்கடத்தல் குறையும். இறுக்கமாக ஒட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: துத்தநாகம் நீரோடு மெதுவாக வினைபுரிந்து ஹைட்ரஜன் விடும், பை ஊதிப்போனால் அந்தச் செல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

சரி, எவ்வளவு நேரம் ஓடும்? 4 செ.மீ.க்கு 3 செ.மீ. செல்லில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராம் மாங்கனீசு டை ஆக்சைடு பூசினால் மொத்தம் 60 மில்லிகிராம். கிராமுக்கு 200 மில்லி ஆம்பியர் மணி கிடைத்தால் 12 மில்லி ஆம்பியர் மணி. உங்கள் சுற்று சராசரியாக 0.1 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஐந்து நாள். இரண்டு செல்லைத் தொடராக இணைத்தால் 2.6 வோல்ட் அளவில் வரும், என்ஆர்எஃப்52832 போன்ற ப்ளூடூத் சிப் 1.7 முதல் 3.6 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் அது போதும். ப்ளூடூத் அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் எகிறும், அதற்கு ஒரு மின்தேக்கியை இணையாகப் போட்டுவிடுங்கள்.

சார்ஜ் செய்யும்போது எல்லாரும் வைத்திருக்கும் டிபி4056 பலகையை (லித்தியம் பேட்டரிக்கான சார்ஜர்) மாட்டவே கூடாது. அது 4.2 வோல்ட் வரை ஏற்றும், அதாவது செல்லுக்கு 2.1, நீர் பிரிந்து வாயுவாகும். செல்லுக்கு 1.8 வோல்ட்டில் நிறுத்துங்கள்.

இன்னொன்று, பேட்டரி ஏன் முழங்காலிலேயே இருக்க வேண்டும்? சென்சார் மட்டும் மடங்கட்டும், பேட்டரியைத் தொடைப் பக்கம் துணிப் பையில் வையுங்கள். அங்கே வளைவு மிகக் குறைவு, தோலுக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு துணி அடுக்கும் கிடைக்கும். முதலில் ஒரு வாரமாவது மேசையிலேயே ஓடவிட்டு, எடை குறையவில்லை, பை ஊதவில்லை என்று உறுதியான பிறகு காலில் கட்டுங்கள்.