விதை தூவினால் கவுதாரி வராது

கேள்வி: மூலனூர் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது ஐயா. நான் சின்னப் பையனாக இருந்தபோது விடிந்தால் கவுதாரிச் சத்தம்தான். இப்போது வருஷத்துக்கு நாலைந்து முறை கேட்டாலே அதிசயம். ஒரு வருஷமாக வேலியோரம் கம்பும் சோளமும் இறைத்துப் பார்க்கிறேன், புறாவும் மயிலும்தான் தின்றுவிட்டுப் போகின்றன. என்ன செய்தால் திரும்பி வரும்?

பதில்: முதலில் தானியம் இறைப்பதை நிறுத்துங்கள். வளர்ந்த கவுதாரிக்குப் புல்விதையும் களைவிதையும் எப்படியாவது கிடைத்துவிடும், தட்டுப்பாடெல்லாம் குஞ்சுக்குத்தான். முட்டையை விட்டு வந்ததுமே தாயின் பின்னால் ஓட ஆரம்பிக்கிற குஞ்சு அது. புறா மாதிரி யாரும் வாயில் ஊட்டமாட்டார்கள், தானே பொறுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அதற்குக் கறையான், எறும்பு, புழு, குட்டி வெட்டுக்கிளி என்று பூச்சியாக வேண்டும். சோளத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் 1960-களின் கடைசியில் அந்த நாட்டுக் கவுதாரி ஏன் குறைகிறது என்று கோதுமை வயல்களில் எண்ண ஆரம்பித்தார். களைக்கொல்லி அடித்ததும் களை போயிற்று, களையை நம்பியிருந்த பூச்சி போயிற்று, பூச்சியில்லாமல் குஞ்சு செத்தது. மருந்து பறவைமேல் படவேயில்லை! அப்புறம் அங்கே வயலின் ஓரத்தில் சுமார் ஆறு மீட்டருக்கு மருந்தைக் குறைத்து அடித்துப் பார்த்தார்கள், குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்தன. வயலுக்கு நடுவே மண்ணை அணைத்து, கொத்துப்புல் வளரவிட்டு, வண்டுக்கென்றே வரப்பும் போட்டார்கள்.

உங்கள் பக்கம் அந்த வரப்புக்கு அவசியமே இல்லை, கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், முள் மரமான கிளுவையை நட்டு வளர்த்த வேலி அந்த வேலையை எப்போதோ செய்துகொண்டிருந்தது. வேலி இன்னும் உயிர்வேலியா, கம்பியா என்று நீங்கள் எழுதவில்லை. கம்பிதான் என்று பந்தயம் கட்டுவேன். கிளுவைக்கு அடியில் முள்ளுக்கும் கொழுக்கட்டைப் புல்லுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பள்ளம், அதில் நாலிலிருந்து எட்டு முட்டை, கூடு என்று சொன்னால் அவ்வளவுதான். அடைகாக்கிற பெட்டை கடைசி நொடிவரை எழாது, நம் கால் இரண்டடி தள்ளி விழும்போதுதான் சடசடவென்று பறக்கும். புதர் வெட்டுகிற பிரஷ் கட்டர் இயந்திரம் அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை.

அதனால் வேலியோரம் ஒரு பக்கம் மட்டும் பத்தடி அகலம் விட்டுவிடுங்கள். உழவு, களைக்கொல்லி, தீ மூன்றும் அங்கே கூடாது. காடு சதுரமாக இருந்தால் ஏறக்குறைய பன்னிரண்டு சென்ட்தான் போகும், அதையும் மாட்டுக்கு அளவாக மேய்த்துக்கொள்ளலாம். முட்டையிடுவது பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, வேலி வெட்டுவதென்றால் தை, மாசியில் முடித்துவிடுங்கள். கம்பி வேலியென்றால் அதை ஒட்டியே கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டுவிடலாம், கம்பியைப் பிடுங்க வேண்டியதில்லை. மக்காச்சோளம் போடுகிறவர்கள் மருந்து பூசிய சிவப்பு விதை வயல் ஓரத்தில் சிந்தினால் மண்ணைத் தள்ளி மூடுங்கள், பறவை பொறுக்கித் தின்றால் ஆபத்து.

கேள்வி: பண்ணையில் காடைக்குஞ்சு வாங்கிக் காட்டில் விட்டால் பெருகுமா?

பதில்: பெருகாது. பண்ணையில் இருப்பது ஜப்பானியக் காடை. தலைமுறை தலைமுறையாக இன்குபேட்டரில் பொரித்தே வளர்ந்ததால் அடைகாக்கும் பழக்கமே அதற்கு ஏறக்குறைய விட்டுப்போயிற்று. நாய்க்கும் கீரிக்கும் நீங்கள் காசு கொடுத்து விருந்து வைத்த மாதிரி ஆகும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டும் குளிர்காலத்தில் வரும் காட்டுக் காடையோடு கலந்தால் அது வேறு தொல்லை.

கேள்வி: மயிலைப் பெருகவிட்டு இப்போது அழுகிறோம். கவுதாரியும் அப்படி ஆகிவிடாதா?

பதில்: மயில் நாலைந்து கிலோ, கவுதாரி கால் கிலோ சொச்சம். கூட்டமாக இறங்கி நிலக்கடலையைக் கிளறுகிற ஜாதி இல்லை அது. ஜோடியாகவோ ஒரு குடும்பமாகவோதான் திரியும், நாள் முழுக்கக் கறையானைக் கிளறும். முளைவிட்ட விதையில் கொஞ்சம் கொத்தும், இல்லையென்று சொல்லமாட்டேன். கறையான் தின்றதற்குக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துக் காட்டில் கூண்டுக் கவுதாரியைக் கத்தவிட்டுக் கண்ணி வைக்கிறார்கள். கேட்டால் "கோழி மாதிரிதானே" என்கிறார்கள்.

பதில்: கோழி மாதிரி இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியைப் பிடிப்பது, கூண்டில் வளர்ப்பது, முட்டை எடுப்பது எல்லாமே குற்றம். கூண்டுப் பறவை கத்தினால் அந்த இடத்துச் சேவல் தன் எல்லையில் யார் என்று சண்டைக்கு ஓடிவரும், வந்து கண்ணியில் மாட்டும். அதாவது உங்கள் காட்டில் குஞ்சு பொரிக்க இருந்த ஜோடிதான் போகிறது. முதலில் பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசுங்கள், பல பேருக்குச் சட்டம் இருப்பதே தெரியாது. கேட்கவில்லையென்றால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள், இடமும் நேரமும் சரியாகக் குறித்துக்கொண்டு போங்கள். கண்ணி வைப்பது பெரும்பாலும் விடியற்காலையில்தான்.