பின் பண்ணும் முன், பணம் கட்டும் முன்: படப் போர்டு கேள்வி-பதில்

கேள்வி: அறையை மாற்றியமைக்கும் எண்ணம் இருக்கிறது. கண்ணில் படும் நல்ல படங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். பின்ட்ரெஸ்டா, இன்ஸ்டாகிராமா, வேறு ஏதாவதா? காசு கட்ட வேண்டியிருக்குமா?

பதில்: தொடங்குவதற்குக் காசு எதுவும் தேவையில்லை. இரண்டுமே இலவசம்தான், விளம்பரத்தில் பிழைப்பவை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: நீங்கள் சேர்க்கும் படம் உண்மையில் எங்கே இருக்கிறது?

இன்ஸ்டாகிராமில் சேவ் செய்வது அந்தப் பதிவுக்குப் போடும் ஒரு குறிதான். பதிவிட்டவர் அதை நீக்கிவிட்டால் உங்கள் கலெக்‌ஷனிலும் இருக்காது. அவர் கணக்கைப் பிரைவேட் ஆக்கிவிட்டு, நீங்கள் அவரைப் பின்தொடராமல் இருந்தாலும் அதே கதிதான். 2010-இல் தொடங்கிய பின்ட்ரெஸ்ட் வேறு மாதிரி. அங்கே சேவ் செய்யும் படத்துக்குப் ‘பின்’ என்றும், பின்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்புக்குப் ‘போர்டு’ என்றும் பெயர். படத்தின் நகல் அதன் சர்வரில் இருக்கும். மூலப் பக்கத்தின் லிங்க் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் போட்டவர் தன் பின்னை நீக்கினாலும் உங்கள் போர்டில் உள்ள பின் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் யோசித்து வாங்கும் வேலைகளுக்கு இதுதான் வசதி.

படத்தோடு கட்டுரை, பிடிஎஃப், மேற்கோள் எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்பவர் என்றால் அரீனா என்ற தளத்தைப் பாருங்கள். விளம்பரமும் இல்லை, லைக்கும் இல்லை. இலவசக் கணக்கில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அது நிரம்பும் வரை பணம் கட்ட அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: பின்ட்ரெஸ்டில் கணக்குத் திறந்ததும் ஐந்தாறு விருப்பங்களைத் தொடச் சொன்னது. ஏதோ தொட்டேன். இப்போது ஃபீட் முழுக்க எனக்குச் சம்பந்தமில்லாத கேக்கும் நகப்பூச்சும்தான். மாற்ற முடியுமா?

பதில்: முடியும். அமைப்புகளில் ஹோம் ஃபீடைச் சரிசெய்யும் பகுதி இருக்கிறது. அங்கே நீங்கள் சமீபத்தில் பார்த்தவை, உங்கள் விருப்பங்கள், உங்கள் போர்டுகள் எனத் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. வேண்டாதவற்றை அணைத்துவிடுங்கள். பலர் கவனிக்காமல் விடுவது போர்டுப் பட்டியலைத்தான். நண்பரின் பிறந்தநாளுக்காக ஒருமுறை திறந்த கேக் போர்டு, விழா முடிந்து வெகுநாள் கழித்தும் ஃபீடுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் போர்டை அழிக்க வேண்டியதில்லை, பட்டியலில் அணைத்தால் போதும். வேலை முடிந்த போர்டு என்றால் ஆர்க்கைவ் செய்துவிடலாம், அதாவது அழிக்காமல் ஒதுக்கி வைத்துவிடலாம்.

அப்படியே தனியுரிமைப் பகுதிக்கும் போங்கள். நீங்கள் போய்வரும் பிற தளங்களின் தகவலை வைத்து விளம்பரம் காட்டுவதற்கான அனுமதி அங்கே இருக்கும், விருப்பமில்லையென்றால் அணையுங்கள். கூகுள் போன்ற தேடுபொறிகளில் உங்கள் ப்ரொஃபைல் வராமல் தடுக்கும் பொத்தானும் உண்டு.

கேள்வி: எத்தனை போர்டு வைத்துக்கொள்ளலாம்? ஒன்றிலேயே எல்லாவற்றையும் போட்டால் என்ன?

பதில்: வரம்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒரு கணக்கில் 2,000 போர்டுகள், 2,00,000 பின்கள் வரை இடமுண்டு. ஆனால் ‘வீடு’ என்று ஒரே போர்டு போட்டு அதில் 600 படங்களைக் கொட்டினால், திரைச்சீலை வாங்கப் போகும் நாளில் திரைச்சீலைப் படத்தைத் தேடியே பொழுது போய்விடும்.

போர்டின் பெயரில் நீங்கள் எடுக்கப்போகும் முடிவு தெரிய வேண்டும். ‘படுக்கையறை’ என்பதைவிட ‘சின்னப் படுக்கையறைக்குச் சுவர் அலமாரி’ நல்ல பெயர். இதில் இரட்டை லாபம். எதைச் சேர்க்கக் கூடாது என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும். போர்டுக்குள் தளம் காட்டும் கூடுதல் பரிந்துரைகளும் அதில் ஏற்கெனவே உள்ளவற்றை ஒட்டியே வருவதால், போர்டு குறுகலாக இருந்தால் பரிந்துரையும் கூர்மையாக இருக்கும். அலமாரியும் குளியலறை ஓடும் கலந்த போர்டுக்கு வரும் பரிந்துரையும் கலவைதான்.

தொடங்கும் முறை இது. போர்டைத் திறக்கும்போதே சீக்ரெட் என்று வைத்துவிடுங்கள். அதில் சேவ் செய்வது மற்றவர் கண்ணில் படாது, மூலப் பின்னைப் போட்டவருக்கும் அறிவிப்பு போகாது. பிறகு எப்போது வேண்டுமானாலும் வெளிப்படையாக மாற்றிக்கொள்ளலாம். முதல் இருபது முப்பது பின்களை ஃபீடிலிருந்து எடுக்காதீர்கள். தேடுபெட்டியில் என்ன பொருள், என்ன அளவு, எதனால் ஆனது ஆகிய மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள்: ‘ஓக் மரம், ஆழம் குறைந்த, சுவர் அலமாரி’ என்பதுபோல. உங்கள் விருப்பத்தை ஒட்டியே வந்தாலும், ஃபீட் பலருக்கும் பிடித்ததை நீட்டுவதுண்டு. அதை மட்டும் நம்பிக் கட்டிய போர்டுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதற்கு அதுவே காரணம்.

ஒவ்வொரு பின்னிலும் எது பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பின்னைத் திருத்தும் இடத்தில் உங்களுக்கு மட்டும் தெரியும் குறிப்பு எழுதலாம். ‘கைப்பிடி மட்டும்’, ‘நிறம் சரி, உயரம் அதிகம்’ என்ற அளவு போதும். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கையில், சோபாவுக்காகச் சேர்த்தோமா பின்னாலுள்ள சுவருக்காகச் சேர்த்தோமா என்று விழிக்க வேண்டியிராது. இந்த ஒரு பழக்கம் இல்லாததால் வீணாகும் போர்டுகளே அதிகம்.

செக்‌ஷன் (போர்டுக்குள் வைக்கும் உட்பிரிவு) பிரிப்பதை முதல் நாளே செய்யாதீர்கள். ஐம்பது படம் சேரட்டும். என்ன வகைகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். பிறகு பல பின்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து வேறு செக்‌ஷனுக்கோ வேறு போர்டுக்கோ நகர்த்தலாம், இரண்டு போர்டுகளை ஒன்றாகவும் இணைக்கலாம். கடைக்குப் போகும் முன் போர்டைப் பத்துப் படங்களுக்குக் குறைத்துப் பாருங்கள். எதை நீக்க மனம் வரவில்லையோ அதில்தான் உங்கள் ரசனை இருக்கிறது.

கேள்வி: பின்னைத் தொட்டால் வேறு ஏதோ பக்கம் திறக்கிறது, இல்லையென்றால் பக்கமே இல்லை என்கிறது. ஏன்?

பதில்: படம் சர்வரில் பத்திரமாக இருந்தாலும், லிங்க் சுட்டுவது வெளியே உள்ள தளத்தை. அந்தத் தளம் மூடியிருக்கலாம், பக்கத்தின் முகவரி மாறியிருக்கலாம். சில சமயம் யாரோ படத்தைக் கணினியில் இறக்கி, தங்கள் சொந்தத் தளத்தின் லிங்க்கைப் போட்டு மறுபடி ஏற்றியிருப்பார்கள். பிரபலமான படங்களில் இது சகஜம்.

ஆகவே சேவ் செய்யும் முன் ஒருமுறை லிங்க்கைத் திறந்து பாருங்கள். பொருந்தவில்லையென்றால் படத்தை கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ போட்டுத் தேடுங்கள். டின்ஐயில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். மூலம் பெரும்பாலும் மேலேயே அகப்படும். மூலப் பக்கம் கிடைத்ததும், பிரவுசரில் பின்ட்ரெஸ்டின் சேவ் எக்ஸ்டென்ஷனை நிறுவி அந்தப் பக்கத்திலிருந்தே பின் செய்யுங்கள். முகப்புப் பக்கத்தில் நின்று பின் செய்யக் கூடாது. நாளை முகப்பு மாறும், உங்கள் லிங்க் வெறும் வாசலில் போய் நிற்கும். குறிப்பிட்ட பொருளின் அல்லது கட்டுரையின் பக்கத்தைத் திறந்த பிறகே பின் செய்யுங்கள்.

சில தளங்களில் இங்கிருந்து பின் செய்ய முடியாது என்று செய்தி வரும். அது கோளாறு அல்ல. தள உரிமையாளர் வேண்டுமென்றே போட்ட தடை.

கேள்வி: போர்டில் உள்ள ஒரு மேசை விளக்கு மனதை விட்டுப் போகவில்லை. பின்னிலேயே விலையும் கடை லிங்க்கும் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: பின்னை நம்பி வாங்காதீர்கள், கடையை நம்பி வாங்குங்கள். பின்னில் தெரியும் விலை கடை கொடுத்த பட்டியலிலிருந்து வந்தது. கடைப் பக்கத்தில் இன்று இருக்கும் விலைதான் செல்லும். ‘ஸ்பான்சர்ட்’, ‘ப்ரோமோட்டட்’ போன்ற சொல் படத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்தால் அது காசு கொடுத்துக் காட்டப்படும் விளம்பரம். போர்டுக்குள் வரும் பரிந்துரைகளுக்கு நடுவிலும் அது கலந்து வரும்.

முதலில், அந்த விளக்கு உலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இது வேடிக்கைக் கேள்வி இல்லை. செயற்கை நுண்ணறிவு வரைந்த அறைகளும் பொருள்களும் இப்போது எங்கும் கலந்திருக்கின்றன. மின்கம்பி எங்கிருந்து வருகிறது என்று தெரியாத விளக்கு, திறக்கும் இடுக்கே இல்லாத இழுப்பறை, ஒரு கால் தரையைத் தொடாத நாற்காலி, எழுத்துகள் உருகி ஓடும் புத்தக முதுகுகள் ஆகியவை சந்தேகத்துக்குரிய அறிகுறிகள். இத்தகைய படங்களுக்கு ‘ஏஐ மாடிஃபைடு’ என்ற அடையாளம் இடும் வசதியையும், சில பிரிவுகளில் அவற்றைக் குறைத்துக் காட்டச் சொல்லும் அமைப்பையும் பின்ட்ரெஸ்ட் 2025-இல் கொண்டுவந்தது. அடையாளம் இல்லாததாலேயே உண்மைப் படம் என்று எண்ணிவிடக் கூடாது. இப்படிப்பட்ட ஒரு படத்தைக் காட்டித் தச்சரிடம் ‘இதேமாதிரி’ என்று கேட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

அடுத்து, படத்தைத் தலைகீழாகத் தேடுங்கள், அதாவது சொல்லை விட்டு, படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். ஒரே புகைப்படம் பத்துக் கடைகளில் பத்து விலையில் வந்தால், அவர்களில் பலர் கையில் சரக்கு இல்லாமல் ஆர்டர் வந்தபின் வேறிடத்திலிருந்து அனுப்பி வைப்பவர்களாக இருக்கலாம். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அங்கேதான் சிக்கல். முகவரி, தொடர்பு எண், திருப்பிக் கொடுக்கும் விதிகள், அனுப்பும் செலவு யாருடையது ஆகிய நான்கும் பக்கத்தில் தெளிவாக இல்லாத கடையைத் தவிருங்கள். நேரடி வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான் என்று சொல்லும் கடையும் வேண்டாம். கார்டு வழியாகச் செலுத்தினால் பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட வழி இருக்கும்.

பிறகு அளவு. அறைப் படங்கள் பெரும்பாலும் அகலக்கோண லென்ஸில் எடுக்கப்படுவதால் இடம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பொருளின் நீளம், அகலம், உயரத்தைக் கடைப் பக்கத்தில் பார்த்து, மாஸ்கிங் டேப்பால் மேசையிலோ தரையிலோ ஒட்டிப் பாருங்கள். விளக்கு என்றால் கூண்டின் விட்டம், பல்ப் பொருந்தும் இடத்தின் வகை, பிளக் வகை, மின்னழுத்தம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக் கடையிலிருந்து வரும் விளக்குகளில் பிளக்கும் மின்னழுத்தமும்தான் அடிக்கடி காலை வாரும். நிறத்தைப் படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஃபில்டரும் திரையும் சேர்ந்து அதை மாற்றியிருக்கும். துணி, பெயின்ட் எதுவானாலும் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

கேள்வி: போர்டில் உள்ள படத்தை என் தொழில் விளம்பரத்தில் பயன்படுத்தலாமா? எடுத்தவர் பெயரைப் போட்டுவிடுகிறேன்.

பதில்: பெயர் போடுவதால் அனுமதி வந்துவிடாது. தளத்துக்குள் லிங்க்கோடு சேவ் செய்வது ஒன்று. படத்தை இறக்கி வேறிடத்தில் பயன்படுத்துவது முற்றிலும் வேறு. எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் படங்களைத் தாராளமாகப் பயன்படுத்த விட்டிருக்கும் இடங்களுக்குப் போங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-இல், பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத தன் கலைப்பொருள்களின் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை, யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்னும் சிசி0 உரிமத்தில் திறந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனமும் 2020-இல் அதேபோல் செய்தது. பழைய தாவர ஓவியம், துணி வடிவம், பீங்கான் எல்லாம் அங்கே உண்டு. தேடும்போது திறந்த உரிமம் உள்ளவை மட்டும் வரும்படி வடிகட்டிக்கொள்ள மறக்காதீர்கள்.

கேள்வி: சொந்தப் படங்களை ஏற்றினால் ஓரம் வெட்டுப்படுகிறது. எந்த அளவு சரி?

பதில்: நெட்டுவாக்கில் 2:3 விகிதம், 1000 × 1500 பிக்சல். அதைவிட நீளமானவை ஃபீடில் வெட்டுப்படலாம். தலைப்புக்கு 100 எழுத்து வரை இடமிருந்தாலும் ஃபீடில் முதல் நாற்பதுக்குள்தான் தெரியும், முக்கியச் சொல் முன்னால் வரட்டும்.

கேள்வி: போர்டை வளர்க்கப் பயிற்சி வகுப்பு, பின்களை நேரம் குறித்துப் போடும் கருவி என்று விளம்பரங்கள் வருகின்றன. தினமும் சில பின்களைச் சேவ் செய்தால் சம்பளம் என்றும் ஒரு செய்தி வந்தது.

பதில்: கடைசியில் சொன்னது மோசடி. முதலில் சிறு தொகை தந்து நம்ப வைப்பார்கள். பிறகு ‘அடுத்த நிலை’க்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பாது. பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள்.

பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவதும் வீண். பின்ட்ரெஸ்டில் படங்கள் பெரும்பாலும் தேடல் வழியாகத்தான் பரவுகின்றன. எண்ணிக்கையைக் காட்டி என்ன ஆகப்போகிறது? கருவிக்கும் வகுப்புக்கும் வந்தால், பிசினஸ் கணக்குக்கு மாறுவதற்குக் கட்டணமில்லை. அதிலேயே நேரம் குறித்துப் போடும் வசதியும், எந்தப் பின் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற கணக்கும் கிடைக்கும். இவற்றைச் சில மாதம் பயன்படுத்திப் பார்த்துப் போதாமல் போனால் அப்போது கருவி வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் ஒரே போர்டில் சேர்க்க முடியுமா?

பதில்: முடியும். போர்டுக்குள் கூட்டாளியாக அழைப்பு அனுப்புங்கள். சீக்ரெட் போர்டுக்கும் இது பொருந்தும். அழைக்கும் முன், சேர்ப்பவர்கள் மற்றவர் பின்களை நகர்த்தவும் நீக்கவும் அனுமதி உண்டா என்பதைப் போர்டு அமைப்பில் பார்த்துவிடுங்கள். ஆளுக்கொரு செக்‌ஷன் கொடுத்துவிட்டால் சண்டை குறையும்.

கேள்வி: ஒருநாள் கணக்கை மூடினால் சேர்த்ததெல்லாம் போய்விடுமா?

பதில்: போய்விடும். அதனால் மூடும் முன் அமைப்புகளில் உங்கள் தரவைக் கேட்டு விண்ணப்பியுங்கள். தயாரானதும் இறக்கிக்கொள்ள மின்னஞ்சல் வரும். அதைப் படங்களின் ஆல்பம் என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையில் வேண்டிய சில படங்களைத் தனித்தனியாக, மூன்று புள்ளி மெனுவில் உள்ள டவுன்லோடு வழியாக இறக்குங்கள். கோப்பின் பெயரிலேயே மூலத் தளத்தின் பெயரைச் சேர்த்து வையுங்கள். லிங்க் இல்லாமல் தனியாக நிற்கும் படத்துக்குப் பிறகு ஊர்பேர் கண்டுபிடிப்பது கடினம்.